சின்னராசாவுக்குக் கிடைச்ச மருந்து மெசின்

மெய்க்கதைதான் ரீச்சர். வெருகல் முருகன் மேல சத்தியமா மெய். ஒரு சொல்லுப் பிசகினா என்னை இந்த மூதூர் இறங்குதுறையிலயே தூக்கிக் கடலுக்க போடுங்கோ. சுறா கூட மணந்து பாத்துட்டு விட்டுட்டுப் போகும்.

"சத்தியம் பண்ணத் தொடங்கிட்டான். இனி வாறதெல்லாம் பொய்" எண்டுறார் கனகசுந்தரம். அவர் கட்டைபறிச்சான் மீன் சங்கத்துத் தலைவர். தலைவர் சொன்னா மறுக்க ஏலுமோ? சரி, ஒப்புக்கொள்ளுறன். கொஞ்சம் இழுப்பன். மூண்டாம் வகுப்போட பள்ளிக்கூடத்தை விட்டவன் நான், எனக்கு மூண்டுக்குப் பிறகு நேரா மூவாயிரம்தான். அளவுகளில மட்டும் என்னை நம்பாதேங்கோ. மற்றதெல்லாம் நடந்தது.

அக்கரைக்குப் போற லோஞ்ச் இப்ப வராது. ஹாபர் வாயை மூடி வைச்சிருக்கிறாங்களாம். ஆறு மணிக்கு வரவேண்டியது, இப்ப பத்தரை. முனாப் காக்கா, ரீச்சருக்கு ஒரு பிளேன்ரீ ஊத்துங்கோ. ரீச்சர் கந்தளாயில இருந்து வந்தவ, அவவுக்கு எங்கட ஊர்க்கதை தெரியாது. உங்கட பணிஸ் அடுக்கின கண்ணாடி அலுமாரிக்கு மேல தொங்குற கலண்டர்ல, முதுகில நீல டாங்கியோட பல்லுத் தெரியச் சிரிக்கிற மனிசன் ஆர் எண்டு கேக்கிறா.

அந்த மனிசனின்ர பொஞ்சாதிக்குக் கூடப்பிறந்த அண்ணன் அந்தா மூலைக் கதிரையில பேப்பர் பாக்கிறார், தவராசா. பேப்பரைத் தலைகீழாப் பிடிச்சிருக்கிறார் எண்டு நான் சொல்லமாட்டன். இருங்கோ தவராசாண்ணை, எழும்பாதேங்கோ. லோஞ்ச் இல்லாம எங்க போகப்போறியள், நீந்தியோ?

படத்தில நிக்கிறவன் சின்னராசா. எங்கட கட்டைபறிச்சான்தான்.

ஊர் கலைய முதல் சின்னராசாட்ட ஒரு சைக்கிள் இருந்தது. விடியக் காட்டுக்குப் போய் அதில விறகு கட்டுவான். என்ன கட்டு எண்டு நினைக்கிறியள்! முன்னால நிண்டு பாத்தா விறகு தானா நடந்து வாற மாதிரி இருக்கும், சைக்கிளும் தெரியாது, சின்னராசாவும் தெரியாது. ஒருக்கா அவன் வழியில இளைப்பாற நிண்ட நேரத்தில ரெண்டு காகம் அதில கூடு கட்டி முட்டையும் இட்டுட்டுது. சரி, முட்டையை விடுங்கோ. கூடு உண்மை.

அந்த விறகெல்லாம் இந்தக் கடை அடுப்புக்கும் பக்கத்துப் பேக்கரிக்கும்தான். திரும்பிப் போகேக்க சும்மா போகமாட்டான். உப்பு, மண்ணெண்ணெய், ஆரோ கிழவியின்ர வெத்திலை எல்லாத்தையும் ஏத்திக்கொண்டு போய் வீட்டு வாசல்ல குடுப்பான். அருவி வெட்டுக் காலத்தில வெட்டுக்குப் போவான், பிறகு அதே வயல் நெல்லை மூட்டை மூட்டையா மில்லுக்கு ஏத்துவான். கரைவலை இழுக்கிற மாசத்தில கயித்தில கை வைக்கப் போவான். இழுத்தவனுக்கெல்லாம் கறிமீன் பங்கு உண்டெல்லே, அதை ஹாண்டில்ல கொழுவிக்கொண்டு வருவான். ஒரு பிள்ளைத்தாச்சியைக் காரியர்ல வைச்சு ஆசுப்பத்திரிக்கு மிதிச்சவன். போகேக்க ரெண்டு பேர், வரேக்க மூண்டு பேர், கூலி ஒரு பனங்கட்டி.

வீட்டில தங்கரத்தினம், மூண்டு பெட்டையள். இவ்வளவு ஓடியும் அஞ்சு வயித்தில ரெண்டுதான் நிரம்பும், மற்ற மூண்டும் முறை வைச்சுக் காத்திருக்கும். ஆனா ஒரு நாளும் ஒருத்தரிட்டயும் கை நீட்டினவன் இல்லை. என்ன தொழில் சின்னராசா எண்டு கேட்டா, "சைக்கிள்" எண்டு சொல்லுவான். அதுக்கு வேற பேர் அவனுக்குத் தெரியாது. எங்களுக்கும் தெரியாது.

"அவன்ர விறகு புகைக்காது" எண்டு முனாப் காக்கா குசினிக்குள்ள நிண்டு சொல்லுறார். "அப்பிடி ஒரு காய்ஞ்ச விறகு பிறகு நான் காணேல்ல."

ரெண்டாயிரத்தாறில ஷெல்லடிச்சு ஊர் கலைஞ்சது ரீச்சருக்குத் தெரியும். சனம் எல்லாம் வெருகல் பக்கம் நடந்தது. சின்னராசாவின்ர சைக்கிள்ல மூண்டு பெட்டையளும், ஒரு அரிசி மூட்டையும், ஒரு அம்மியும். அம்மி ஏனடா எண்டு கேட்டா, தங்கரத்தினம் விடமாட்டன் எண்டுட்டாளாம். வெருகல் ஆத்தில தோணிக்காரன் சைக்கிளை ஏத்தேலாது எண்டுட்டான். பிள்ளையளோ சைக்கிளோ எண்டு கேட்டானாம். சின்னராசா கொஞ்சம் யோசிச்சானாம்! சிரிக்காதேங்கோ, யோசிக்கத்தானே வேணும், சோறு போடுறது எது? கடைசியா அதைக் கரையில ஒரு மருதமரத்தோட சங்கிலி போட்டுப் பூட்டி, திறப்பை மடியில முடிஞ்சுகொண்டு ஏறினான். மட்டக்களப்பில முகாம் மாறி முகாம் ஒரு வருஷம். திறப்பு மடியிலயே கிடந்தது. திரும்பி வரேக்க போய்ப் பாத்தான். சைக்கிளும் இல்லை, சங்கிலியும் இல்லை, மரமும் இல்லை.

ஊருக்கு விட்டாங்கள். வீட்டில கூரையும் இல்லை, கதவும் இல்லை, கிணத்தில மட்டும் தண்ணி இருந்தது, அதுக்க ஒரு செத்த மாடும் இருந்தது. தகரக் கொட்டில் அடிச்சுக்கொண்டு இருந்தான். ஆறு மாசத்துக்கு நிவாரணம்: அரிசி, மா, பருப்பு. அந்தப் பருப்பை அவிச்சு அவிச்சு எங்கட அடுப்பெல்லாம் தேஞ்சு போச்சு, பருப்பு மட்டும் வேகேல்ல. ஆறு மாசத்துக்குப் பிறகு அதுவும் நிப்பாட்டு.

இதுக்கிடையில முனாப் காக்கா கடையைத் திரும்பத் திறந்துட்டார். சின்னராசா நடந்து வந்தான். கட்டைபறிச்சான்ல இருந்து நூறு மைல்! சரி, நாலு மைல்.

"காக்கா, பழையபடி விறகு எடுப்பியளோ?"

"எடுக்காம? ஆனா நாளுக்கு ஒரு சைக்கிள் கட்டு வேணும் சின்னராசா. அடுப்பு உன்னைப் பாத்துக்கொண்டு பட்டினி கிடக்காது."

"சைக்கிள் இல்லைக் காக்கா."

"மாசக் கடைசி மட்டும் பாக்கிறன். பிறகு லாண்ட்மாஸ்டர்காரன் உழவு மெசின்ல கொண்டாந்து தாறன் எண்டு நிக்கிறான், அவனுக்குச் சொல்லிடுவன். குறை நினைக்காத."

சின்னராசா மூண்டு நாள் தலையில சுமந்து பாத்தான். அவன் வந்து சேரேக்க மத்தியானச் சாப்பாடு முடிஞ்சு, காக்கா சட்டி கழுவிக்கொண்டு நிப்பார். கழுத்து மூண்டங்குலம் உள்ளுக்க போயிட்டுது. அதில அவனுக்கு வடிவா விளங்கிட்டுது. மாசக் கடைசிக்குள்ள ஒரு சைக்கிள். புதுசு வேண்டாம், ரெண்டு சில்லும் ஒரு காரியரும் இருந்தாக் காணும். அது வந்தா நிவாரணம் நிண்டாலும் பிள்ளையள் தின்னும்.

அந்த நேரம் பாத்து ஒரு நிறுவனம் வந்தது ரீச்சர். வாழ்வாதார உதவி. எங்கட பள்ளிக்கூடத்தில ஒரு மேசை, மேசையில ஒரு மிஸ், மிஸ்ஸின்ர கையில விவரம் நிரப்புற போம். போம் எவ்வளவு நீளம் எண்டா, அந்தத் தொங்கல்ல பிடிக்கிறவன் கூப்பிட்டா இந்தத் தொங்கல்ல கேக்காது. எத்தினை மாடு இருந்தது, எத்தினை தரம் சாப்பிடுறியள், கக்கூசுக் குழி எத்தினை அடி, எல்லாம் கேட்டிருக்கு. ஆனா தொழில் எண்ட இடத்தில மட்டும் ஒரு சின்னப் பெட்டி. ஒரு தொழில்தான் எழுதலாம். விவசாயி எண்டா விதையும் பூச்சிமருந்து அடிக்கிற மெசினும். மேசன் எண்டா கரண்டி, மட்டக்கோல். மீன்பிடி எண்டா ரெண்டு பேருக்கு ஒரு தோணி. மீன் வியாபாரி எண்டா, பின்னால பெட்டி பூட்டின சைக்கிள்.

விறகுக்குப் பெட்டி இல்லை. காட்டுக்குப் போறது தடை, தடையான தொழிலுக்கு எப்பிடி உதவி எழுதுறது எண்டு மிஸ் சொன்னா. அவவிலயும் பிழை சொல்லேலாது.

சின்னராசாவுக்குச் சைக்கிள் எண்ட சொல்லு மட்டும்தான் காதில விழுந்தது. கொட்டிலுக்கு ஓடிப்போய்த் தங்கரத்தினத்திட்டச் சொன்னான்.

"இஞ்சரும், மீன் விக்கிறன் எண்டு பதியப்போறன்."

"விக்கப்போறியளோ?"

"கறிமீன் கொழுவிக்கொண்டு வாறனான்தானே. அதில ரெண்டை வித்தா வியாபாரிதானே."

அவள் மாவைக் குழைச்சுக்கொண்டே, "மீனெண்டாலும் எழுதுங்கோ, மாட்டுச் சாணியெண்டாலும் எழுதுங்கோ, சைக்கிளோட வாங்கோ" எண்டாள். அவ்வளவுதான். அந்த வீட்டில தீர்மானம் அப்பிடித்தான், அரை நிமிஷம்.

அடுத்த நாள் பள்ளிக்கூடத்தில வரிசை. வெயில் எண்டா சொல்லி வேலையில்லை, வரிசையில நிண்ட ஆக்களின்ர நிழல் கூட அவையை விட்டுட்டு மரத்துக்குக் கீழ போயிட்டுது. சின்னராசாவுக்குப் பின்னால நிண்டவர் தவராசா. ரெண்டேக்கர் வயல்காரர், அசல் விவசாயி, அவருக்குப் பெட்டியில பிரச்சினை இல்லை. மூத்த மகளுக்கு அப்ப ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டு இருந்தவை. அவர் மெல்லக் குனிஞ்சு கேட்டார்.

"மச்சான், நீர் என்ன பதியிறீர்?"

"மீன் வியாபாரம்."

"உமக்கென்ன விசரோ? எங்கட குடும்பத்தில ஆர் மீன் பெட்டி கட்டினது? மாப்பிள்ளை வீட்டார் வந்து விசாரிச்சா, பொம்பிளையின்ர மாமன் மீன்காரன் எண்டு லிஸ்ட்டில கிடக்கும். ஊர் விதானையாரின்ர கந்தோர்ச் சுவரில லிஸ்ட் ஒட்டுவாங்கள் தெரியுமோ?"

"சைக்கிளுக்காக மச்சான். சும்மா பேருக்கு."

"பேர்தான் நிக்கும். சைக்கிள் துருப்பிடிச்சுப் போகும்."

சின்னராசா ஒரு அடி முன்னுக்கு நகர்ந்தான். அப்பவும் மனசு மாறேல்ல, எனக்குத் தெரியும், முகத்தில தெரிஞ்சது. ஆனா மேசைக்குப் பக்கத்தில கதிரை போட்டு இருந்தவர் ஆர்? எங்கட தலைவர் கனகசுந்தரம். மீன்காரன் எண்டு சொல்லுற ஆக்கள் உண்மையா மீன்காரரோ எண்டு பாத்துச் சொல்லுறதுக்கு மிஸ் அவரை இருத்தி வைச்சிருந்தவ. சின்னராசா கிட்ட வந்து வாயைத் திறக்க, தலைவர் கால் மேல கால் போட்டுக்கொண்டு கேட்டார்.

"என்ன சின்னராசா, மீன் வியாபாரமோ? அப்ப சூடை மீனுக்கும் கீரி மீனுக்கும் என்ன வித்தியாசம் எண்டு சொல்லும் பாப்பம்."

சனம் சிரிச்சுது. சிரிப்பு எண்டா, பள்ளிக்கூடத்து ஓடு நாலு கழண்டு விழுந்தது. சிரிச்சதில நானும் ஒருத்தன், ஒளிக்கிறதுக்கு ஒண்டும் இல்லை. இன்னொருத்தன், "செதில் இருக்கிறது மீன், பட்டை இருக்கிறது விறகு அண்ணை" எண்டு எடுத்துக் குடுத்தான். சின்னராசாவுக்குச் சூடையும் தெரியும், கீரியும் தெரியும். கயிறு இழுத்தவனுக்குத் தெரியாதோ? ஆனா காதுச்சோணை ரெண்டும் சிவந்துட்டுது. பின்னால மச்சான் செருமுறார். முன்னால மிஸ் பேனையைப் பிடிச்சுக்கொண்டு, "ஐயா, தொழில்?" எண்டு கேக்கிறா.

"விவசாயம்" எண்டுட்டான்.

ஒரு சாண் காணி இல்லை அவனுக்கு. முந்தின வீடும் பிறகு தகரக் கொட்டிலும் நிண்ட இடம் கூடத் தவராசாவின்ர வளவு மூலை.

ரெண்டு கிழமையால சாமான் வந்தது. ஒம்பது பேருக்குச் சைக்கிள். அதில ரெண்டு பேருக்கு ஓடவே தெரியாது, உருட்டிக்கொண்டு போச்சினம். சின்னராசாவுக்கு ஒரு மூட்டை விதைநெல்லும், முதுகில மாட்டுற நீல டாங்கியும். மருந்து மெசின். விதைநெல்லைத் தங்கரத்தினம் அண்டைக்கே உரல்ல போட்டுக் குத்தினா. அதில மருந்து பிரட்டியிருக்காம், பிள்ளையளுக்கு ரெண்டு நாள் வயித்தாலடி.

மாசக் கடைசிக்கு இன்னும் அஞ்சு நாள். சின்னராசா டாங்கியைத் தூக்கிக்கொண்டு, சைக்கிள் ஓடத் தெரியாத ஒருத்தரிட்டப் போனான். தலைவரின்ர தம்பியார் அவர்.

"அண்ணை, மாத்துவமோ? நீங்கள் உருட்டுறியள்தானே."

"மாத்தி? உந்த டாங்கியை வைச்சு நான் கடலுக்கு மருந்தடிக்கிறதோ?"

"விக்கலாம் அண்ணை."

"பேர் எழுதியிருக்கடா சைக்கிள்ல. மாதாமாதம் வந்து பாப்பினமாம். ஆள் மாறினா லிஸ்ட்டில இருந்து வெட்டு. போ போ."

சின்னராசா அந்தச் சைக்கிளின்ர சீற்றை ஒருக்காத் தடவிப்போட்டு வந்தானாம். மாசக் கடைசி போச்சு. லாண்ட்மாஸ்டர் கடகடவெண்டு இந்தக் கடை வாசல்ல வந்து ஒரு லோட் விறகைக் கொட்டினது. சின்னராசா அண்டைக்கு இங்க வந்தவன். ஒரு கொள்ளியை எடுத்து மணந்து பாத்துட்டு, "பச்சை விறகு காக்கா, கண்ணெரியும்" எண்டு மட்டும் சொல்லிப்போட்டுப் போனான்.

நிவாரணம் நிண்டுது. மாரிப்போகத்து நெல்லு வளர்ந்து வர, அறக்கொட்டி விழுந்தது. அந்தப் பூச்சி வயலை நெருப்புப் பட்ட மாதிரிக் கருக்கிப்போடும். மருந்தடிக்க வேணும். ஆனா வயல்காரருக்கெல்லாம் தெரியும், மருந்தடிச்சா மூண்டு நாள் தலை இடிக்கும், கண் மங்கும், சோறு இறங்காது. அதால சொந்த வயலுக்கு ஒருத்தரும் தாங்களா அடிக்கமாட்டினம், கூலிக்குத்தான் ஆள் தேடுவினம். ஊரில மெசினும் வைச்சுக்கொண்டு, வேலையும் இல்லாம, மறுப்பும் சொல்லாம இருக்கிறது ஆர்?

இப்பிடித்தான் சின்னராசா அசல் விவசாயி ஆனான். காலமை இவற்ற வயல், மத்தியானம் அவற்ற வயல். செருப்பில்லை, முகத்துக்கு ஒரு பழைய சாரத் துண்டு. டாங்கி மூடிக்குள்ள இருக்கிற ரப்பர் மூண்டாம் நாளே கிழிஞ்சு போச்சு. குனியிற நேரமெல்லாம் மருந்து கழுத்தால இறங்கி முதுகு முழுக்க வழியும். சைக்கிள் ரியூப் துண்டு வெட்டி வைச்சுப் பாத்தான், நிக்கேல்ல. முதுகில தோல் உரிஞ்சு உள்ளித்தோல் மாதிரிக் கழண்டு வரும். கொட்டிலுக்குள்ள நுளம்பு வாறேல்ல. வந்து அவனைக் கடிச்ச நுளம்பு வாசல் தாண்ட முதல் விழுந்து செத்துப்போகும். பெட்டையளுக்குச் சந்தோசம், வலை இல்லாமப் படுக்கலாம். இதில எவ்வளவு இழுப்பு எண்டு கேக்காதேங்கோ ரீச்சர். மற்றவனுக்கு நடந்தா நல்ல பகிடிதான்.

கை நடுங்கத் தொடங்கிட்டுது. பிளேன்ரீக் கோப்பையைப் பிடிச்சா பாதி தரையில. பசியாலயாக்கும் எண்டு நினைச்சான். தங்கரத்தினம், "இதை விடுங்கோ, வேற ஏதும் பாப்பம்" எண்டு சொன்னவ. "என்னத்தைப் பாக்கிறது? காலோ இருக்கு, மிதிக்கச் சில்லில்லை" எண்டானாம்.

அந்த நேரம்தான் மிஸ் திரும்ப வந்தவ, குடுத்த சாமானை ஆக்கள் பாவிக்கினமோ எண்டு பாக்க. வந்து பாத்தா, ஊரில எல்லாரின்ர மெசினும் வீட்டு மூலையில கோழி அடை கிடக்குது, சின்னராசா மட்டும் வயலுக்க டாங்கியோட நிக்கிறான். அவவுக்கு வந்த சந்தோசம்! கமராவை எடுத்தா.

"ஐயா, சிரியுங்கோ."

சின்னராசா துண்டை இறக்கிப்போட்டுக் கேட்டான். "மிஸ், இதைத் திருப்பித் தாறன். சைக்கிள் ஒண்டு தர ஏலுமோ? பழசெண்டாலும் பரவாயில்லை."

"அது ஏலாது ஐயா, லிஸ்ட் மேலிடத்துக்குப் போயிட்டுது. நீங்கதானே விவசாயம் எண்டு சொன்னீங்க? பாருங்கோ, நீங்கதான் வடிவாத் தொழில் செய்யிறீங்க. கொஞ்சம் சிரியுங்கோ."

சிரிச்சான். அந்தச் சிரிப்புத்தான் நிறுவனம் அடிச்ச கலண்டர்ல கிடக்கு. நல்ல பல்லு அவனுக்கு.

இனி கடைசிக் கட்டம். தவராசாண்ணை, பேப்பரை மடிச்சிட்டியள்? சரி, கேளுங்கோ.

தை மாசம் பொங்கல் கழிஞ்சு நாலாம் நாள். தவராசாவின்ர ரெண்டேக்கருக்கும் அறக்கொட்டி விழுந்துட்டுது. மகளின்ர கலியாணம் அந்த அறுவடையை நம்பி வைச்சது. அவர் கொட்டிலடிக்கு வந்து, "மச்சான், இண்டைக்கே அடிச்சு முடிக்கோணும்" எண்டார். மச்சானுக்குக் கூலி இல்லை, மத்தியானச் சோறு. சின்னராசாவுக்கு முதல் நாள் முழுக்கச் சத்தி எடுத்து, நிக்கேலாது. ஆனா கொட்டில் நிக்கிற நிலம் ஆரின்ர நிலம்? போனான்.

வரம்பில ரெண்டு போத்தில். ஒண்டு பூச்சிக்கு, மற்றது அதைவிடப் பெரிய பூச்சிக்கு. தனித்தனியா நாள் விட்டு அடிக்கிற சாமான்.

"ரெண்டையும் ஒண்டாக் கலவும் மச்சான், ஒரே தரத்தில முடியும்."

"ஒண்டாக் கலக்கிறேல்ல எண்டு போத்தில்ல படம் போட்டிருக்கு மச்சான்."

"படம் பாத்து விவசாயம் செய்யிற ஆளைப் பார். கலவும்."

காத்து குறுக்கால அடிச்சது. சின்னராசா ஒரு பாத்தி போனான், ரெண்டு பாத்தி போனான். முதுகு நனைஞ்சு சாரம் நனைஞ்சு கால் வழியா ஓடிச்சு. மூண்டாம் பாத்தியில அவனுக்கு நெல்லு ரெண்டு ரெண்டாத் தெரிஞ்சது. வாயால வீணீர் ஊத்துது, துடைக்கத் துடைக்க ஊத்துது. ஒரு மாதிரித் திரும்பி வரம்பைப் பாத்து நடந்தான். வரம்பு வரேல்ல. டாங்கியோட முகம் குப்புறச் சேத்துக்க விழுந்தான். டாங்கி முதுகில கிடந்து மிச்சத்தையும் அவன்ர கழுத்தில ஊத்தினது.

ஆக்கள் ஓடிப்போய்த் தூக்கி, ரக்டர் பெட்டியில போட்டு, ஆசுப்பத்திரிக்கு வெளிக்கிட்டினம். வழியில ஆமிக்காரன்ர சென்றி. சென்றியில எல்லாரும் இறங்கி நடக்கோணும், அது சட்டம். மயங்கினவன் எப்பிடி நடக்கிறது எண்டு சட்டத்தில இல்லை. கேட்டு, கேட்டவன் இன்னொருத்தனைக் கேட்டு, அவன் வயர்லெஸ்ல கேட்டு, மூண்டு மணித்தியாலம். சரி ரீச்சர், அரை மணித்தியாலம். செத்துக்கொண்டிருக்கிறவனுக்கு ரெண்டும் ஒண்டுதான்.

ஆசுப்பத்திரியில இறக்கினவுடன, மணத்திலயே நேர்ஸுக்கு விளங்கிட்டுது. எங்கட பக்கத்தில அந்த மணத்தோட ஒரு ஆம்பிளை வந்தா ஒரு கேள்விதான்.

"எவ்வளவு குடிச்சவர்?"

தங்கரத்தினம் தலைவிரி கோலமா நிண்டவ. "குடிக்கேல்ல மிஸ், அடிக்கப் போன இடத்தில..." எண்டு தொடங்க, ரெண்டையும் கலக்கச் சொன்ன தவராசாண்ணை முன்னால வந்தார்.

"தெரியேல்ல மிஸ். போத்தில் பக்கத்தில கிடந்தது. வீட்டில கொஞ்சம் கஸ்டம், மனசு சரியில்லாம இருந்தவர்."

சின்னராசாவுக்குக் கேட்டது. மயக்கம் முழுசா இல்லை, கண் மூடிக் கிடந்தாலும் காது திறந்து கிடந்தது. கையைத் தூக்கப் பாத்தான், கை தன்ர பாட்டுக்குத் துடிக்குது. நாக்கை அசைக்கப் பாத்தான், நாக்கு ஒரு ஈரச் சாக்கு மாதிரி வாய்க்குள்ள கிடக்குது. நான் குடிக்கேல்ல, நான் குடிக்கேல்ல. உள்ளுக்க கத்துறான். வெளியில நுரைதான் வருது. தொண்டைக்குள்ள குழாயை விட்டுக் கழுவினாங்கள், இல்லாத மருந்தை வயித்தில தேடித்தேடிக் கழுவினாங்கள். உடம்பில பூசியிருந்த மருந்தைக் கழுவ வேணும் எண்டு ஒருத்தருக்கும் உடன தோணேல்ல. குடிச்சவனுக்கு வயித்தைத்தானே கழுவுறது. பக்கத்துக் கட்டில்காரன், "பொஞ்சாதி என்ன செய்தவளோ" எண்டு சொன்னதையும் கேட்டுக்கொண்டுதான் கிடந்தான்.

ரெண்டாம் நாள் பின்னேரம் செத்துப்போனான்.

மரண விசாரணைக்கு ஒரு ஐயா வந்தவர். அவற்ற போமிலயும் ஒரு சின்னப் பெட்டிதான். தவராசாண்ணை சொன்னதை எழுதிக்கொண்டு, தங்கரத்தினத்தைப் பாத்து, "நீங்க என்னம்மா சொல்லுறீங்க?" எண்டு கேட்டார். அவ வாயைத் திறந்தவ. அண்ணனைப் பாத்தா. மூண்டு பெட்டையளையும் பாத்தா, கொட்டில் நிக்கிற வளவையும் யோசிச்சிருப்பா. மூடிட்டா. 'நஞ்சருந்தி' எண்டு எழுதியாச்சு. விவசாயி எண்டு பதிஞ்சவன் வயல் வேலையில செத்தா கமக்காரர் சங்கம் குடும்பத்துக்கு உதவி குடுக்கும். தானாக் குடிச்சாக் குடுக்காது. இல்லையெண்டு துண்டும் வந்திட்டுது. மற்றப் பக்கம், கலியாணம் நல்லா நடந்தது. நானும் போய்ச் சாப்பிட்டனான், பாயாசம் திறம்.

இவ்வளவும்தான் கதை ரீச்சர்.

ரீச்சர் பிளேன்ரீயை வைச்சுட்டுக் கேக்கிறா. "அப்ப அந்த மனிசி கமக்காரர் சங்கத்திட்டத் திரும்பக் கேக்கலாம்தானே? கண்ட ஆக்கள் ஆராவது ஒருத்தர் வந்து சொன்னாக் காணுமே. ஆர் கண்டது?"

மூலைக் கதிரை பின்னால தள்ளுப்படுற சத்தம் கேக்குது.

"கண்டவன் நான்" எண்டு தவராசா எழும்பிட்டார். "குடிச்சவன் குடிச்சவன்தான். உந்தப் பொய்யன்ர கதையைக் கேட்டு ஆரும் என்ர வளவுக்க கால் வைச்சா, காலை வெட்டுவன்."

"என்ன வெட்டுவியோ?" கனகசுந்தரம் பிளேன்ரீக் கோப்பையை மேசையில குத்தினார். "மூடி திறந்த டாங்கி முதுகில கிடந்ததை ரக்டரில தூக்கினவன் நான். போத்தில் வரம்பில நிண்டது, அவன் பாத்திக்க கிடந்தவன். நூறடி தள்ளிக் கிடந்து போத்திலுக்கு வாயை நீட்டினவனோ?"

"அப்ப ஏன் அண்டைக்குச் சொல்லேல்ல? வாய்க்குள்ள என்ன சூடை வைச்சிருந்தனியோ? நீதானே ஊர் சிரிக்க அவனை மேசைக்கு முன்னால வைச்சுக் கேள்வி கேட்டு மானத்தை வாங்கினது!"

"மீன்காரன் எண்டாச் சம்பந்தம் குழம்பும் எண்டு காதுக்க ஊதினது ஆர்? நானோ? என்ர தொழில் உனக்கு நாறுதோ? இண்டைக்கும் என்ர மீனைத்தானே தின்னுட்டு வந்தனி!"

"ஒருத்தரும் நல்லவர் இல்லை" எண்டு முனாப் காக்கா அகப்பையோட வெளியில வந்தார். "கடைக்குள்ள சண்டை வேண்டாம், வெளியில போங்க."

"நீங்கள் கதைக்காதேங்கோ காக்கா. ஒரு மாசம் பொறுத்திருந்தா அவன் ஏன் டாங்கி தூக்கிறான்? லாண்ட்மாஸ்டர்காரன் உங்களுக்கு மச்சானோ?" எண்டார் தவராசா.

"என்ர அடுப்பைப் பற்றி நீ கதைக்கிறியா? அவன்ர மையத்து அடக்கத்துக்கு நான் வந்தனான், நீ அந்தப் பந்தலுக்க நிண்டு கலியாணச் சாப்பாட்டுக்கு ஆள் எண்ணினனி!"

தவராசா திரும்பி என்ர சட்டையில பிடிச்சுட்டார். "எல்லாம் உன்னாலடா. நீயும் அந்த வரிசையில நிண்டு பல்லைக் காட்டினனிதானே. செத்தவனை வைச்சுப் பிளேன்ரீ குடிக்கிறாய்!"

"அண்ணை, சட்டை கிழியும், ஒண்டுதான் இருக்கு!"

"விடடா அவனை" எண்டு கனகசுந்தரம் தவராசாவின்ர கையை முறுக்க, பணிஸ் அலுமாரி ஒரு பக்கம் சரிய, முனாப் காக்கா அகப்பையை ஓங்கினபடி கத்துறார், "கண்ணாடி! கண்ணாடி! டேய், ரீச்சருக்குப் படப்போகுது, தள்ளி நில்லுங்கடா!" ரீச்சர் கதிரைக்கு மேல ஏறி நிண்டுகொண்டு, "விடாதேங்கோ தலைவர், அந்தாளை விடாதேங்கோ, கமக்காரர் சங்கத்துக்குச் சாட்சி சொல்ல வைக்கோணும்!" எண்டு எல்லாரையும் விடப் பெரிசாக் கத்துறா.